கைநாட்டிலிருந்து கைரேகைக் கருவி வரை

சென்ற ரமளானுக்கு முந்தைய வாரம், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மூதாட்டியை ரேஷன் கடைக்கு அழைத்துச் சென்றோம். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுகள் பீடி சுற்றிய கை. குடும்ப அட்டையில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. கருவியில் விரலை வைத்தார், பொருந்தவில்லை. விரலைத் தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார் விற்பனையாளர். பிறகு ஈரத்துணியில் துடைத்து, அடுத்த விரல், அதற்கடுத்த விரல். பத்தும் முடிந்தது. "நான்தாம்ப்பா! என்னையத் தெரியலையா ஒனக்கு?" என்று கேட்டார். விற்பனையாளரைக் கேட்டாரா, கருவியைக் கேட்டாரா என்று நமக்குப் புரியவில்லை. விற்பனையாளருக்கு அவரைப் பல ஆண்டுகளாக நன்றாகத் தெரியும். கருவிக்குத்தான் தெரியவில்லை.

இந்தக் கருவி என்னதான் பார்க்கிறது என்பதை நம் வீடுகளில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. அரிசி வாங்க, சிம் கார்டு வாங்க, பணம் எடுக்க, உம்ராவுக்குப் போய் ஜித்தாவில் இறங்கினால் அங்கும் என்று எங்கும் விரலைத்தான் நீட்டுகிறோம். (அல்கியாமா அத்தியாயத்தில் விரல் நுனிகள் பற்றி வருவதை ஜும்ஆ மேடைகளில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இங்கே கருவியைப் பற்றி மட்டும் பேசுவோம்.)

தாயின் கருவறையில் மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் விரல் ரேகைகள் உருவாகி முடிகின்றன. அடிப்படை அமைப்பு மரபணுவால் வருகிறது. ஆனால் ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்பதை அந்த நேரத்தில் விரல் வளரும் வேகம், கருவறைக்குள் அதன் மீது படும் அழுத்தம் போன்றவை முடிவுசெய்கின்றன. ஆகவேதான் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் ரேகை வேறுவேறு. கருவி கவனிப்பதும் இந்த முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும்தான். அவை எங்கே, எந்தத் திசையில் இருக்கின்றன என்பதை எண்களாக்கி வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை விரலை வைக்கும்போது புதிய எண்களைப் பழைய எண்களோடு ஒப்பிட்டு ஒரு மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் "இவர்தான்". தாண்டாவிட்டால் "இவர் இல்லை".

ஆக, கருவி சொல்வது பரீட்சையில் தேர்ச்சி, தோல்வி என்பது போன்ற ஒரு முடிவுதான். தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்தினால் உண்மையான ஆளே திருப்பி அனுப்பப்படுவார். குறைத்தால் வேறொருவர் உள்ளே நுழைந்துவிடுவார். இரண்டு பிழையும் அறவே இல்லாத கருவி இல்லை. பீடி இலை, சிமெண்ட், பாத்திரம் தேய்க்கும் தூள், முதுமை ஆகியவற்றால் மேடு தேய்ந்துபோன விரல்களே முதல் வகைப் பிழையில் அதிகம் மாட்டிக்கொள்கின்றன.

இந்தத் தொழில்நுட்பம் மேற்கிலிருந்து வந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அதன் வரலாற்றில் பாதி வங்காளத்தில் நடந்தது. 1858-இல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலை போடும் பொருள் வழங்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தின் பின்புறம் பதித்து வாங்கினார். பின்னாளில் "இது என் கையெழுத்து இல்லை" என்று சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணம்தான்.

ஆனால் ரேகை எடுப்பது எளிது. ஆயிரக்கணக்கான தாள்களுக்கு நடுவே ஒருவருடையதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அந்தச் சிக்கலைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர், இன்றைய வங்கதேசத்தின் குல்னா பகுதியில் பிறந்த காஜி அஜீஸுல் ஹக். கணிதம் படித்தவர், கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றி என்ற காவல் அதிகாரியின் கீழ்ப் பணியாற்றியவர். பத்து விரல்களை ஐந்து ஜோடிகளாகப் பிரித்து, சுழி உள்ள விரலுக்கு மட்டும் 16, 8, 4, 2, 1 என்று ஜோடிவாரியாக மதிப்புக் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரலின் மதிப்பு மேலே, மற்றதன் மதிப்பு கீழே. இரு பக்கமும் தனித்தனியே கூட்டி ஒன்றைச் சேர்த்தால் ஒரு பின்னம் கிடைக்கும். 32 மேல் எண்கள், 32 கீழ் எண்கள். மொத்தம் 1024 அறைகள். புதிய தாள் வந்தால் அதற்குரிய அறையில் மட்டும் தேடினால் போதும். ஹக்குடன் உழைத்த இன்னொருவர் ஹேமசந்திர போஸ். 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் கூடம் தொடங்கியது. 1901-இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இதையே ஏற்றது. முறைக்குப் பெயர் என்னவோ "ஹென்றி முறை" என்றே நிலைத்துவிட்டது. ஹக்குக்குக் "கான் பகதூர்" பட்டம் கிடைத்தது. பின்னாளில் இங்கிலாந்தின் விரல்ரேகைச் சங்கம் ஹக், போஸ் இருவர் பெயரிலும் ஒரு பரிசை ஏற்படுத்தியது. நம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லிக்கொடுக்கலாம்.

வணிகத்துக்கு வருவோம். கிராமத்தில் வங்கிக் கிளை இல்லாத இடத்தில் ஆதார் எண்ணும் விரலும் இருந்தால் முகவரிடம் பணம் எடுக்கலாம். படிப்பறிவில்லாத முதியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆபத்தும் இதில்தான். பத்திரப்பதிவு ஆவணங்களில் உள்ள ரேகைப் படங்களை எடுத்து, அவற்றைப் போலிப் படலமாக அச்செடுத்துப் பயன்படுத்தியவர்கள் நம் நாட்டில் பிடிபட்டிருக்கிறார்கள். கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம்; விரலை மாற்ற முடியாது. எனவே ஆதாரின் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியை ஒவ்வொரு வீட்டிலும் பயன்படுத்துங்கள். பூட்டிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளலாம். குழந்தைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ரேகையைப் பதிவுசெய்து புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில்தான் பலருக்கு நினைவு வருகிறது.

மருத்துவத்திலும் ஒரு செய்தி உண்டு. புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் கேப்சிடபைன் மருந்து உள்ளங்கைத் தோலைச் சிவக்க வைத்து உரிக்கும். சிலருக்கு ரேகையே மறைந்துவிடும். இதை உட்கொண்டுவந்த, சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவர் 2008-இல் அமெரிக்காவுக்குப் போனபோது, ரேகை தெரியவில்லை என்று விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். அவருடைய மருத்துவர்கள் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். வீட்டில் யாராவது இம்மருந்து எடுப்பவராக இருந்தால் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது.

இனி, மனத்தை அதிகம் உறுத்தும் செய்தி. 2004 மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிபொருள் இருந்த ஒரு பையில் கிடைத்த ரேகையை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. தன் கணினியில் தேடியது. கணினி 20 பேரைக் காட்டியது. அவர்களில் ஒருவர் ஓரிகான் மாநில வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட். ராணுவத்தில் இருந்ததால் அவர் ரேகை பதிவில் இருந்தது. நிபுணர்கள் அவர்தான் என்று உறுதிசெய்தார்கள். ஏப்ரல் மாதமே ஸ்பெயின் காவல்துறை "பொருந்தவில்லை" என்று சொல்லியும், மே மாதத்தில் அவரைக் கைதுசெய்து இரண்டு வாரம் அடைத்து வைத்தார்கள். அவர் இஸ்லாத்தை ஏற்றவர். மனைவி எகிப்தைச் சேர்ந்தவர். கடைசியில் அந்த ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது, 2006-இல் அமெரிக்க அரசு 20 லட்சம் டாலர் கொடுத்தது.

இதில் நிதானமாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் விசாரித்து எழுதிய அறிக்கைப்படி, முதலில் தவறாகப் பொருத்தியதற்கு மதம் காரணமல்ல. இரண்டு ரேகைகளும் உண்மையிலேயே அசாதாரணமாக ஒத்திருந்தன. ஆனால் அவர் யார் என்று தெரிந்த பிறகு, தம் முடிவை மறுபடி சரிபார்க்காமல் விட்டதில் அவருடைய மதமும் பங்கு வகித்திருக்கலாம் என்கிறது அந்த அறிக்கை. கணினி கொடுத்தது 20 பெயர்கள். ஒரு பெயரில் போய் நின்றது மனிதர்கள்.

அந்த மூதாட்டிக்கு, தம் சார்பில் பொருள் வாங்க இன்னொருவரை நியமிக்கும் படிவத்தைப் பிறகு வாங்கிக் கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பெண் ஒப்புக்கொண்டார். படிவத்தின் கீழே கையொப்பம் கேட்டார்கள். அவருக்கு எழுதத் தெரியாது. ஸ்டாம்ப் பேடில் பெருவிரலைத் தேய்த்து அழுத்தினார். உருவம் தெரியாத ஒரு நீலத் திட்டு மட்டும் விழுந்தது. அதிகாரி அதன் மேல் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.