ஏறிவிடும்... நிற்குமா? பனிச் சாலையில் ஆல் வீல் டிரைவ் கார்!

1986-ம் ஆண்டு. பின்லாந்தின் கைபோலா என்ற ஊரில், பனிச்சறுக்கு வீரர்கள் பாய்ந்து இறங்கும் சரிவுப் பாதையில் ஒரு கார் கீழிருந்து மேலே ஏறியது. சரிவு 37.5 டிகிரி. மனிதர் நடந்து ஏறினாலே வழுக்கும் அந்தப் பாதையில் ஆடி 100 சிஎஸ் குவாட்ரோ காரை ஏற்றிக் காட்டியவர், ஜெர்மனியின் ராலி வீரர் ஹரால்ட் டெமுத். இன்ஜின் விசை நான்கு சக்கரங்களுக்கும் போகும் கார் இது என்று உலகுக்குச் சொல்ல எடுக்கப்பட்ட விளம்பரப் படம் அது. ‘ஆல் வீல் டிரைவ் இருந்தால் பனியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை’ என்ற எண்ணம் பார்த்தவர்கள் மனதில் பதிந்துபோனது.

அந்தக் காரில் சட்டெனக் கண்ணில் படாத விஷயம் ஒன்று இருந்தது. அதன் டயர்களில் ஆணிகள் பதிக்கப்பட்டிருந்தன. நான்கு சக்கரங்களும் சுழன்றது உண்மை. ஆனால், பனியைக் கவ்விப் பிடித்தது அந்த ஆணிகள்தான்!

இந்த வித்தியாசம் புரியாமல் பனிமலைக்குக் காரை ஓட்டிப் போவது ஆபத்து. அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு, மணாலியிலிருந்து லாஹௌல் பக்கம் குளிர்காலத்திலும் போக முடிகிறது. தமிழ்நாட்டிலிருந்தும் ஏராளமான குடும்பங்கள் ‘பனி பார்க்க’ அங்கே கிளம்புகின்றன. 2024 டிசம்பரில் ஒரே நாள் பனிப்பொழிவில் சோலாங்குக்கும் அடல் சுரங்கப்பாதைக்கும் இடையே சுமார் 1,000 வாகனங்கள் சிக்கிக்கொண்டன. பனி கொட்டும் நாள்களில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளையும், சக்கரத்தில் சங்கிலி மாட்டிய வண்டிகளையும் மட்டுமே போலீஸார் மேலே விடுகிறார்கள். அப்படியானால், அந்த நான்கு சக்கர விசை எதற்கு உதவும், எதற்கு உதவாது?

நகர வைக்கும் வித்தை

பெரும்பாலான சிறிய கார்களில் இன்ஜின் விசை முன் சக்கரங்களுக்கு மட்டுமே போகும். காரின் எடையில் பாதிக்குச் சற்று கூடுதலான பங்கு அந்த இரண்டு சக்கரங்களின் மேல் இருக்கும். மேடு ஏறும்போது எடை பின்பக்கம் சாயும். முன் சக்கரங்களின் பிடிப்பு குறையும். பனியில் அவை ‘விர்ர்’ என்று ஒரே இடத்தில் சுற்றுவது இதனால்தான்.

ஆல் வீல் டிரைவில் காரின் மொத்த எடையும் வேலைக்கு வந்துவிடுகிறது. நான்கு டயர்களும் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுவதால் எந்த டயருக்கும் அதிகச் சுமை இல்லை. இரண்டு சக்கர கார் திணறும் ஏற்றத்தில் இது நிதானமாக ஏறிவிடும்.

இதற்குள் ஒரு சிக்கலும் உண்டு. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டும். அதற்காகக் காரில் ‘டிஃபரன்ஷியல்’ என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் ஐஸில் மாட்டினால், சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம் வீணாகச் சுற்றும், மறுபக்கச் சக்கரம் சும்மா நிற்கும். இன்றைய கார்களில் சென்சார்கள் இதைக் கண்டுபிடித்து, சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். உடனே விசை அடுத்த சக்கரத்துக்குப் போகும்.

பல எஸ்யூவிகள் சாதாரண நேரத்தில் முன் சக்கர கார்களாகவே ஓடும். சறுக்கல் தெரிந்ததும் ஒரு கிளட்ச் இறுகி, பின் சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும். ஜீப் வகை வண்டிகள் சிலவற்றில் ஓட்டுநரே லீவரைப் போட்டு நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றவேண்டும்.

பிரேக்குக்கு முன் எல்லா காரும் ஒன்றே!

இனிதான் கவனிக்க வேண்டிய இடம். விலை குறைந்த ஹேட்ச்பேக்காக இருந்தாலும் சரி, அரை கோடி ரூபாய் எஸ்யூவியாக இருந்தாலும் சரி, பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. நிறுத்தும் விஷயத்தில் ஆல் வீல் டிரைவ் காருக்குத் தனிச் சலுகை இல்லை. காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள பிடிப்பு மட்டுமே.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த நொடியிலிருந்து காய்ந்த தார்ச் சாலையில் சுமார் 8 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் சுமார் 30 மீட்டர் ஆகும். வழுக்கும் ஐஸில் 60 மீட்டரைத் தாண்டும். இது சமதளத்துக்கான கணக்கு. இறக்கத்தில் இன்னும் நீளும். அதே ஐஸில் வேகம் 20 கி.மீ.யாக இருந்தால், சுமார் 16 மீட்டர் போதும். வேகம் பாதியானால், நிற்கும் தூரம் நான்கில் ஒன்றாகிவிடும்.

டயரின் பிடிப்பை ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூட்ட, திரும்ப, நிற்க என்று எல்லாச் செலவும் அதிலிருந்துதான். தார்ச் சாலையில் கை நிறையச் சம்பளம். ஐஸில் அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆல் வீல் டிரைவ் இருக்கிற சம்பளத்தைச் சிக்கனமாகச் செலவு செய்யும், சம்பளத்தைக் கூட்டித் தராது. வளைவில் முழுவதையும் திரும்புவதற்கே செலவழித்துவிட்டு, நடுவில் பிரேக்கையும் மிதித்தால் கார் நேராகச் சறுக்கிப் போகும்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இரண்டு சக்கர கார், கிளம்பும்போதே சறுக்கி ‘சாலை சரியில்லை’ என்று எச்சரித்துவிடும். ஆல் வீல் டிரைவ் கார் அலுங்காமல் கிளம்பி வேகமெடுத்துவிடும். சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பது, முதல்முறை பிரேக்கில் கால் வைக்கும்போதுதான் ஓட்டுநருக்குத் தெரியவரும். அதற்குள் வளைவு வந்திருக்கும்.

டயர்தான் ஹீரோ

வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும். குளிர்கால டயரின் ரப்பர் அப்போதும் மென்மையாக இருக்கும். அதன் மேற்பரப்பில் இருக்கும் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் பனியைக் கடித்துப் பிடிக்கும். மூன்று முகடுள்ள மலை, அதற்குள் ஒரு பனித்திவலை - டயரின் பக்கவாட்டில் இந்தப் படம் இருந்தால் அது பனிச் சோதனையில் தேறிய டயர்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ‘என் கார் ஆல் வீல் டிரைவ்’ என்று சொல்லித் தப்ப முடியாது. சாதாரண டயர் மாட்டிய ஆல் வீல் டிரைவைவிட, நல்ல குளிர்கால டயர் மாட்டிய இரண்டு சக்கர கார் பனியில் சீக்கிரம் நிற்கும்.

பனியில் ஓட்டும்போது...

* பின்னால் யாரும் வராத நேரான இடத்தில், குறைந்த வேகத்தில், மெதுவாக பிரேக் பிடித்துப் பாருங்கள். சாலையின் குணம் தெரிந்துவிடும்.

* வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக் வேண்டாம்.

* இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குங்கள். முன்னால் போகும் வண்டியிடமிருந்து தாராளமாக இடைவெளி விடுங்கள்.

* முன்பக்கம் சறுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை மேலும் மேலும் ஒடிக்காதீர்கள்.

* கடுங்குளிரைவிட, பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான் ஐஸ் அதிகம் வழுக்கும். மேலே படியும் மெல்லிய நீர்தான் காரணம். பாலங்களிலும் வெயில் படாத வளைவுகளிலும் கூடுதல் கவனம் தேவை.

நான்கு சக்கர விசை தரும் தைரியம், மற்றவர்கள் திரும்பிவிடும் இடத்தையும் தாண்டிப் போகச் சொல்லும். அங்கே சிக்கினால் உதவி வரத் தாமதமாகும். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரி மலைச் சாலையில், பனியில் சிக்கிய வாகனங்களில் 22 பேர் இறந்துபோனார்கள். குளிரோடு, கார்பன் மோனாக்சைடு வாயுவும் உயிர் பறித்தது. புகைக்குழாயைப் பனி மூடினால், நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு காருக்குள் வந்துவிடும். சிக்கிக்கொண்டால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றவேண்டும். ஹீட்டருக்காக இன்ஜினை விட்டு விட்டுத்தான் ஓட்டவேண்டும். ஜன்னலில் சிறு இடைவெளி அவசியம்.

மணாலியில் வாடகை கார் எடுப்பவர்கள் ‘வண்டி ஃபோர் வீல் டிரைவா?’ என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். இறங்கி ஒரு நிமிடம் டயரைப் பாருங்கள். தேய்ந்து வழவழப்பாக இருந்தால் வேறு வண்டி கேளுங்கள். டிக்கியில் சங்கிலி இருக்கிறதா, அதை மாட்டத் தெரியுமா என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். மேலே ஏறி பனியில் விளையாடுவது எவ்வளவு முக்கியமோ, பிள்ளைகளோடு பத்திரமாகக் கீழே இறங்குவதும் அவ்வளவு முக்கியம்!