ராஜாவின் ஒரே ஒரு தாவல்

ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரி தாவலாம். சிப்பாய்க்கு எப்போதும் ஒரு கட்டம்தான், முதல் நகர்விலும் அதே. காஸ்லிங் கிடையாது. கடைசி வரிசைக்குப் போன சிப்பாய், அந்தக் கட்டத்தில் ஆரம்பத்தில் நின்ற காயாகத்தான் மாறும்: யானைக் கட்டமென்றால் யானை, குதிரைக் கட்டமென்றால் குதிரை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடிய செஸ் இதுதான். வெளியே கோச்சிங் போய்க் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அவர்களோடு உட்கார்ந்தால் பத்து நகர்வுக்குள் பஞ்சாயத்து வந்துவிடும்.

இந்த விதிகளை ஃபேரி-ஸ்டாக்ஃபிஷுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்பதுதான் இந்தக் குறிப்பு. ஸ்டாக்ஃபிஷ் தெரிந்திருக்கும், உலகத்தின் வலுவான செஸ் எஞ்சின்களில் ஒன்று, திறந்த மூலம், ஜிபிஎல் உரிமம். அதிலிருந்து கிளைத்து ஷோகி, சீனத்து ஷியாங்சி, தாய்லாந்தின் மக்ருக் என்று பல வகை ஆட்டங்களையும் ஆடத் தெரிந்தது ஃபேரி-ஸ்டாக்ஃபிஷ்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. 1814-ல் பம்பாயில் திருவேங்கடாச்சார்ய சாஸ்திரியின் செஸ் புத்தகம் ஆங்கிலத்தில் வந்தது. ‘ஐரோப்பிய ஆட்டமுறைக்கு ஏற்ப’ என்று தலைப்பிலேயே சொல்ல வேண்டியிருந்தது என்றால், இங்கே வேறு முறை இருந்தது என்றுதானே அர்த்தம்! 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆன சுல்தான் கான் முதலில் கற்றது இந்திய விதிகளைத்தான். சென்னையில் 1972-ல் சோவியத் கலாச்சார மையத்தில் மானுவல் ஆரோன் தால் செஸ் கிளப்பைத் தொடங்கினார். ஆனந்த் சிறுவயதில் ஆடிய இடம் அது. சர்வதேச விதி, கடிகாரம், புத்தகம் எல்லாம் அப்படித்தான் இந்த ஊரில் ஊன்றின. நல்லதுதான், அதனால்தான் இன்றைய சென்னை செஸ் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் வீட்டுச் செஸ் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஃபேரி-ஸ்டாக்ஃபிஷில் புது வகை சேர்க்க எல்லாவற்றுக்கும் சி++ எழுத வேண்டியதில்லை. ‘வேரியண்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் இருக்கிறது. வழக்கமான செஸ்ஸை அப்படியே எடுத்துக்கொண்டு, எது மாறுகிறதோ அதை மட்டும் எழுதினால் போதும். டபுள்ஸ்டெப்புக்கு ‘ஃபால்ஸ்’ என்று போட்டால் சிப்பாயின் இரட்டை அடி போயிற்று; கூடவே ஆன்-பாசாங்குக்கும் வேலை இல்லாமல் போகிறது. காஸ்லிங்குக்கும் அதே ‘ஃபால்ஸ்’. சில ஊர்களில் ராஜாவுக்கு எதிரே ராணி நிற்கும். தொடக்க நிலை வரியில் இரண்டு எழுத்தை மாற்றிப் போட்டால் அதுவும் முடிந்தது. தனி ராஜா மிஞ்சினால் ஆட்டம் சமம் என்ற விதிக்கும் வழி உண்டு. பழைய ஷத்ரஞ்சில் தனி ராஜா என்றால் தோல்வி; அதற்காக ஏற்கெனவே இருக்கும் அமைப்பில் தோல்வியைச் சமம் என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ராஜாவின் தாவல்தான் பாடாய்ப் படுத்தும்.

ஏன்னா, அது பலகையில் தெரியாத விஷயம். ராஜா தன் கட்டத்தில் நிற்கிறது. நகரவே இல்லையா, போய்விட்டுத் திரும்பி வந்ததா? படம் ஒன்றுதான், உரிமை வேறு. செஸ் நிலைகளை எழுதும் ‘ஃபென்’ வரியில் ஆறு பகுதிகள் உண்டு. மூன்றாவது பகுதி காஸ்லிங் உரிமைக்கானது. நம் ஆட்டத்தில் காஸ்லிங் இல்லாததால் அந்த இடம் காலி. தாவல் உரிமையை அங்கே உட்கார வைத்துவிடலாம்.

இதைச் செய்ய முன்மாதிரி கம்போடியாவில் இருக்கிறது. அங்கே ஆடும் ‘ஊக் சத்ராங்’கிலும் ராஜா ஒருமுறை தாவும். ஃபேரி-ஸ்டாக்ஃபிஷில் அதற்குத் தனி சுவிட்சே உண்டு, உரிமையும் மூன்றாவது பகுதியில்தான் பதிவாகிறது. அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். போட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள்.

எண்ணுவது என்றால் ‘பர்ஃப்ட்’. ஒரு நிலையிலிருந்து இத்தனை ஆழத்தில் எத்தனை நகர்வு வரிசைகள் சாத்தியம் என்று எஞ்சினை எண்ணச் சொல்லும் சோதனை. வழக்கமான செஸ்ஸில் தொடக்கத்திலிருந்து 20, பிறகு 400, பிறகு 8,902. நம் ஆட்டத்துக்குக் காகிதத்திலேயே கணக்குப் போடலாம். சிப்பாய்களுக்கு 8, குதிரைகளுக்கு 4, ராஜாவுக்கு 2. ராஜா தாவக்கூடிய நான்கு கட்டங்களில் இரண்டில் சொந்தச் சிப்பாய்கள் நிற்கின்றன. மூன்றாம் வரிசையில் இருக்கும் மற்ற இரண்டும் காலி. ஆக 14. எதிராளிக்கும் அதே 14, ஆக இரண்டு ஆழத்தில் 196. கம்போடிய சுவிட்ச் தருவதோ 12. அங்கே ராஜா இரண்டு கட்டம் பக்கவாட்டில், ஒரு கட்டம் முன்னால் மட்டுமே தாவும். சிப்பாய்கள் மூன்றாம் வரிசையில் நிற்பதால் இரண்டாம் வரிசை காலியாக இருக்கிறது. நம் ஆட்டத்தில் அந்தக் கட்டங்கள் அடைத்துக் கிடக்கின்றன. ஆக, நகர்வுகளை உருவாக்கும் சி++ பகுதியில் கை வைத்தே ஆக வேண்டும்.

கை வைத்தால் ஹாஷையும் கவனிக்கணும். எஞ்சின் தான் ஆராய்ந்த ஒவ்வொரு நிலைக்கும் ஒரு எண் கொடுத்து ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மறுபடி அதே எண் வந்தால் பழைய பதிலையே எடுத்துக்கொள்ளும். தாவல் உரிமை அந்த எண்ணில் சேராவிட்டால்? ராஜா தன் கட்டத்தில், முன்னால் மூன்று சொந்தச் சிப்பாய்கள், முதல் வரிசையில் எதிரி யானை வந்து செக். உரிமை இருந்தால் சிப்பாய்களின் தலைக்கு மேல் தாவித் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் மேட். இரண்டுக்கும் ஒரே எண் என்றால் எஞ்சின் மேட்டைத் தப்பிப்பாகவும் தப்பிப்பை மேட்டாகவும் நினைக்கும். பர்ஃப்ட் இதைக் காட்டிக்கொடுக்காது. பொதுவாக அது ஹாஷைப் பயன்படுத்தாமலே எண்ணுகிறது.

இந்த இடத்தில்தான் ஆட்சேபணை வரும்: “செக்கில் இருக்கும்போது தாவவே கூடாதே!” நியாயம்தான். சில வீடுகளில் அப்படித்தான். இன்னும் சில வீடுகளில் ஒருமுறை செக் வாங்கினாலே உரிமை போய்விடும். அப்படியென்றால் ஆட்டமே மாறுகிறது. வேறு எந்த லாபமும் இல்லாவிட்டாலும் சீக்கிரமே ஒரு செக் கொடுத்து வைப்பது நல்ல நகர்வாகிவிடும்! தாவும்போது வெட்டலாமா, கூடாதா? ராஜா கட்டத்துக்கு வந்த சிப்பாய் ராணியாகுமா? முர்ரே 1913-ல் எழுதிய செஸ் வரலாற்றிலேயே இந்திய விதிகள் இடத்துக்கு இடம் மாறுவது பதிவாகியிருக்கிறது.

வீட்டில் இதற்கெல்லாம் பெரியவர் ஒருத்தர் தீர்ப்பு சொல்லிவிடுவார். கோடுக்கு அந்த வசதி இல்லை. ‘இந்தியச் செஸ்’ என்று ஒற்றைப் பெயரில் ஒரு வகையைச் சேர்த்தால் யாரோ ஒருத்தர் வீட்டு விதி எல்லோருக்கும் விதியாகிவிடும். இணையத்தில் தேடுகிறவருக்கு அதுவே ‘அசல்’. அதனால் செக்கில் தாவல், வெட்டும் தாவல், செக்கால் உரிமை இழப்பு மூன்றையும் தனித்தனி சுவிட்சாக வைப்பதுதான் சரி என்பது என் கட்சி. கோடு நீளும், சோதனையும் எட்டு மடங்கு. பரவாயில்லை.

சிப்பாய் மாற்றம் மிச்சம் இருக்கிறது. எந்தெந்தக் காயாக மாறலாம் என்று ஃபைலில் தரும் பட்டியல் கட்டத்தைப் பார்க்காது, எல்லாக் கட்டத்துக்கும் ஒரே பட்டியல். கட்டத்துக்குக் கட்டம் வடிகட்ட மறுபடி சி++தான். அதைத் தொடும் முன் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இப்படி ஆடியிருந்தால், யானைக் கட்டத்துக்குச் சிப்பாய் போகும்போது இரண்டு யானையும் பலகையிலேயே இருந்தால் என்ன செய்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள். ஊர் பெயரோடு.