கொல்கத்தாவின் கருங்கல்லுக்கு எந்த ஊர்?

எங்கள் தெருவில் பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கட்டடம் எழுப்பினார்கள். வாசலில் ஜல்லிக் குவியல். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த என் பேத்தி அதில் ஒரு துண்டை எடுத்து வந்து, "தாத்தா, இது எந்த ஊர்க் கல்?" என்றாள். இங்கே வாழும் தமிழர்களாகிய நம்மைத்தான் எல்லோரும் "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். கல்லைக் காட்டிக் கேட்டது எனக்குப் புதுமையாக இருந்தது.

நியாயமான கேள்விதான். கொல்கத்தாவுக்குச் சொந்தக் கல் கிடையாது. கங்கை கொண்டுவந்து சேர்த்த வண்டலின் மேல் அமைந்த ஊர் இது. தோண்டினால் களிமண், மணல், மறுபடியும் களிமண். பழைய வீடுகளெல்லாம் செங்கல் வீடுகளாக இருப்பது அதனால்தான். மேஸ்திரியிடம் விசாரித்தேன். "பாக்குர் சிப்ஸ்" என்றார்.

பாக்குர், ஜார்க்கண்டில் ராஜ்மஹால் குன்றுகளை ஒட்டிய ஊர். அந்தக் குன்றுகளில் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு உறைந்து உண்டானது. எரிமலை என்றதும் கூம்பு போன்ற மலையும் உச்சியில் புகையும்தான் நம் மனக்கண்ணில் வரும். ராஜ்மஹால் கதை வேறு. சுமார் 11 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன், அண்டார்க்டிகாவையும் ஆஸ்திரேலியாவையும் விட்டு இந்தியா விலகிக்கொண்டிருந்த காலத்தில், நிலத்தில் விழுந்த பிளவுகள் வழியாகக் குழம்பு பெருகி ஓடியது. ஒரு பெருக்கு ஆறியதும் அதன்மேல் இன்னொன்று. தோசைக்கு மேல் தோசை அடுக்கியது போல, பசால்ட் என்னும் கரும்பாறை அடுக்கடுக்காகப் படிந்தது. இதற்கு வெப்பம் தந்த ஊற்று இன்று தென் இந்தியப் பெருங்கடலில் கெர்கெலன் தீவுப் பகுதிக்கு அடியில் இருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். ஊற்று அங்கேயே இருக்க, நாம்தான் வடக்கே நகர்ந்து வந்துவிட்டோம்!

அந்தப் பாறை குன்றுகளோடு முடிந்துவிடவில்லை. 1950-களில் மேற்கு வங்கத்தில் எண்ணெய் தேடித் துளையிட்டபோது, வண்டலுக்கு வெகு ஆழத்தில் இதே பாறை தட்டுப்பட்டது. இதைச் சொன்னதும் பேத்தி, "அப்போ நம்ம ஊருக்கு அடியிலே எரிமலையா?" என்று பயந்துபோனாள். "எரிமலை இல்லேம்மா, எப்பவோ கக்கின குழம்பு ஆறிப்போன கல்லுதான்" என்று சமாதானம் சொன்னேன்.

இந்தியாவில் இன்றும் உயிரோடிருக்கும் எரிமலை ஒன்றே ஒன்று. அது அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு அங்கே கிழக்குத் தட்டின் அடியில் புகுந்து இறங்குகிறது. இறங்கும் பாறை தன்னிடமுள்ள நீரை வெளியேற்ற, அந்த நீர் கலந்ததால் மேலேயுள்ள சூடான பாறை எளிதில் உருகிவிடுகிறது. 1787 முதல் அதன் சீற்றங்கள் பதிவாகியுள்ளன. நெடுங்காலம் உறங்கி 1991-ல் விழித்த அது, 2017-லும் 2025-லும் கூடப் பொங்கியது. இதை ஆராய்ந்து வரும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851-ல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் நம் சௌரங்கிச் சாலையில்தான் இருக்கிறது.

உருகிய பாறை பூமிக்குள் இருக்கும்வரை அதற்கு மாக்மா என்று பெயர். வெளியே வந்துவிட்டால் லாவா. இந்த வித்தியாசத்தை வீட்டிலேயே பார்க்கலாம். என் தாயார் ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த அம்மியின் அருகே ஜல்லியை வைத்துப் பார்த்தோம். இரண்டும் கறுப்புதான். ஆனால் அம்மியில் மினுக்கும் மணிகள் கண்ணுக்குத் தெரிகின்றன, ஜல்லியில் தெரியவில்லை. சர்க்கரைப் பாகை அசையாமல் மெதுவாக ஆறவிட்டால் கற்கண்டு விளையும், சட்டென ஆற்றிக் கிண்டினால் பொடியாகும் அல்லவா? அதே கணக்குதான். வெளியே வந்த லாவா விரைவில் ஆறுவதால் படிகங்கள் பொடியாகவே நின்றுவிடுகின்றன. பூமியின் ஆழத்தில் மெல்ல ஆறும் பாறையில் அவை பெரிதாக வளர்கின்றன.

ஆழத்தில் பிறந்த கல் ஒன்று நம் ஊரிலேயே பெயர் பெற்றிருக்கிறது. ராஜ்பவன் அருகேயுள்ள செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் ஜாப் சார்னக்கின் கல்லறை உள்ளது. (இவரை நகரின் நிறுவனர் என்று கொள்ள முடியாது என 2003-ல் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது.) கல்லறையின் கருங்கல் சென்னைப் பக்கத்திலிருந்து வந்தது. பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் கிடைக்கும் அதே வகை. புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து 1893-ல் இந்தப் பாறைக்கு 'சார்னகைட்' என்று பெயரிட்டார். வயது சுமார் 250 கோடி ஆண்டு. நம் ஊர்க் கல்லுக்கு உலகப் பாடப்புத்தகங்களில் வழங்கும் பெயர், கல்கத்தாவில் ஒரு கல்லறையில் கிடைத்தது!

மீண்டும் ஜல்லிக்கு வருவோம். ராஜ்மஹாலில் இரு குழம்புப் பெருக்குகளுக்கு நடுவே நீண்ட இடைவெளிகள் இருந்தன. அப்போது ஆறிய பாறைமேல் காடுகள் வளர்ந்தன, ஏரிகள் தேங்கின. அடுத்த பெருக்கு வந்து எல்லாவற்றையும் மூடியது. அந்த இடைப்படிவுகளில்தான் இலைகளும் விதைகளும் கல்லாகிக் கிடக்கின்றன. தாவரப் புதைபடிவ அறிஞர் பீர்பால் சாஹ்னி, 1932-ல் வில்லியம்சோனியா என்ற அழிந்துபோன செடியின் உருவத்தை இந்தப் படிவங்களைக் கொண்டே மீட்டுத் தந்தார்.

குவாரிக்கு வேண்டியது கருங்கல் மட்டுமே. இடையிலுள்ள படிவு அதற்குக் கழிவு. நம் வீட்டுக் கூரைக்காக வெடி வைக்கும்போது, யாரும் படித்திராத ஏடு ஒன்று கிழிபடவும் கூடும். சாஹிப்கஞ்ச் மாவட்டம் மாண்ட்ரோவில் 2022-ல் புதைபடிவப் பூங்கா திறந்திருப்பது ஆறுதல். ஆனால் வேலிக்கு வெளியே இருக்கும் குன்றுகள் எத்தனை!

வீடு கட்டாமல் இருக்க முடியாது, உண்மைதான். கல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டாவது கட்டலாமே. விடுமுறையில் பிள்ளைகளை இந்தியன் மியூசியத்தின் பாறைக் கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அப்படியே செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்கும் ஒரு நடை போய், அந்தக் கல்லறைக் கல்லைக் காட்டி, "இது பல்லாவரத்துப் பக்கத்துக் கல்" என்று சொல்லுங்கள். என் பேத்தியின் ஜல்லித் துண்டு இப்போது அம்மிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற வங்காள சிநேகிதிகளிடம் இரண்டுக்கும் எந்த ஊர் என்று அவளே விளக்கிக்கொண்டிருக்கிறாள்.