கணக்கில் வராத காற்று

அரிமளம் பக்கத்துச் செம்மண் சாலைகளில் தைல மரக் கட்டையும் குவாரிக் கல்லும் டீசல் லாரிகளில் போகின்றன. காய்கறி, சிமென்ட் மூட்டை, தண்ணீர் கேன், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்றால் குட்டி யானை எனப்படும் சின்ன லாரிதான். 2005-இல் டீசல் வண்டியாக அறிமுகமான டாடா ஏஸ் இப்போது பெட்ரோலிலும் கிடைக்கிறது. மாருதி சூப்பர் கேரி பெட்ரோலிலும் சி.என்.ஜி.யிலும் ஓடுகிறது. இழுவை கூடும் என்று நம்பி இந்த வண்டிகளில் கூம்பு வடிவ ஏர் ஃபில்டரும் அகலமான குழாயும் மாட்டியவர்கள் சில நாளில் சொல்லும் புகார்கள் ஒரே மாதிரி இருக்கும்: மிஸ்ஸிங் அடிக்கிறது, பிக்கப் இல்லை, டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு அணைய மறுக்கிறது. ஸ்கேனரில் பி0171 என்று வரும். கலவையில் பெட்ரோல் குறைவு, அதாவது எஞ்சின் 'லீன்' ஆக ஓடுகிறது என்று அதற்குப் பொருள். உடனே எல்லோருக்கும் தோன்றும் வைத்தியம் பெட்ரோலைக் கூட்டுவது. பெரும்பாலும் அது தவறான இடத்தில் கை வைப்பது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் ஓடும் காற்றே பெட்ரோலை உறிஞ்சி எடுத்தது. ஃபில்டரை மாற்றினால் ஜெட்டையும் மாற்று என்பது அன்றைக்குச் சரியான யோசனைதான். இன்ஜெக்‌ஷன் வண்டி வேறு சாதி. அதில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு. முதலில் காற்றை அளக்கிறது, அளந்ததற்கு ஏற்பப் பெட்ரோலைத் தெளிக்கிறது. கூடுதல் காற்று வந்தாலும் அது அளவுக்குள் வந்துவிட்டால் பெட்ரோலும் கூடவே ஏறும், லீன் ஆகாது. ஆகவே ஃபில்டர் மாற்றிய பிறகு வண்டி லீன் ஆனால், காற்று அதிகமாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கொஞ்சம் காற்று அளக்கப்படாமல் நுழைகிறது, இல்லாவிட்டால் அளக்கும் சென்சார் குறைத்துச் சொல்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எங்கே நுழைகிறது என்பது அளக்கும் முறையைப் பொறுத்தது. சில எஞ்சின்களில் காற்றோட்டத்தின் நடுவே மெல்லிய சூடான கம்பி ஒன்று இருக்கும். காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதே அளவு. அந்தக் கம்பிக்குப் பின்னால் கிளாம்ப் சரியாக இறுகாத ரப்பர் குழாய், பழைய ஃபில்டர் பெட்டியிலிருந்து பிடுங்கித் திறந்தபடி விட்ட பிரீதர் ஹோஸ் என எது இருந்தாலும் அதன் வழியே வரும் காற்று கணக்கில் சேராது. எண்ணெய் தடவிய துணி ஃபில்டரில் எண்ணெய் மிஞ்சினால் கம்பியில் படிந்துவிடும், அளவு குறைந்து காட்டும். குழாயின் விட்டம் மாறினாலே காற்றின் வேகம் மாறிக் கணக்கு பிசகும். பல சின்ன வண்டிகளில் இந்தக் கம்பி கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தையும் காற்றின் வெப்பத்தையும் வைத்து ஈ.சி.யு. ஊகிக்கிறது. அங்கே சின்னக் கசிவு ஐடிலிங்கை ஏற்றிவிடுமே தவிர, லீன் ஆக்குவது குறைவு. ஆனால் வெப்ப சென்சாரைப் பழைய பெட்டியிலிருந்து கழற்றி எஞ்சின் ஓரம் தொங்கவிட்டால், உள்ளே போகும் காற்று உண்மையைவிடச் சூடானது, அதனால் அடர்த்தி குறைந்தது என்று ஈ.சி.யு. நினைத்துப் பெட்ரோலைக் குறைக்கும்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம் என்ற எண் தெரியும், ஈ.சி.யு. தானாகக் கூட்டியோ குறைத்தோ போடும் பெட்ரோலின் சதவீதம் அது. கம்பி உள்ள எஞ்சினில் ஐடிலிங்கில் டிரிம் உயர்ந்து, 2500 ஆர்.பி.எம்.மில் இறங்கினால் கசிவு. சுமை ஏற ஏற டிரிமும் ஏறினால் சென்சார் குறைத்துச் சொல்கிறது, அல்லது ஃபில்டர் மாற்றியதற்குச் சம்பந்தமே இல்லாமல் பம்ப்போ இன்ஜெக்டரோ சோர்ந்திருக்கிறது. கசிவைக் கண்டுபிடிக்கக் குழாய்க்குள் புகையை ஏற்றிப் பார்ப்பதே நல்ல வழி. சூடான கம்பியை அதற்கென்று விற்கும் ஸ்பிரேயால் மட்டுமே கழுவ வேண்டும். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று கலந்து பொய்யான லீன் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஈ.சி.யு.தான் தானாகத் திருத்திக்கொள்கிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். திருத்தும், ஓர் எல்லை வரை. பல வண்டிகளில் 25 சதவீதத்தை ஒட்டிப் போனால் கைவிரித்து விளக்கை எரிய விடும். அந்த எல்லையில் ஒரு பங்கை எரிபொருளே தின்றுவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தேவையான காற்று ஏறக்குறைய 13.5 மடங்குதான், 10 சதவீதக் கலவைக்கு 14.1. பழைய கலவைக்குப் பொருத்திய வண்டி இன்றைய பெட்ரோலில் ஏற்கெனவே 4 சதவீதம் போல லீன் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைவிட முக்கியம், ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு நொடிக்கு நொடி திருத்துவதெல்லாம் சாதாரண ஓட்டத்தில்தான். முழுச் சுமையோடு ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கும்போது பல வண்டிகள் மனப்பாடமான அட்டவணையின்படியே பெட்ரோல் ஊற்றும். வால்வும் பிஸ்டனும் கருகும் அபாயம் அந்த நேரத்தில்தான் அதிகம்.

கம்பெனி ஃபில்டர் எஞ்சினின் மூச்சை அடைக்கிறது என்பது இன்னொரு வாதம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதன் மறுபக்கத்தைச் சோதித்தது. இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டர் அடைத்துக் கிடந்தபோதும் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. முழு வேகம் எடுப்பதுதான் மந்தமானது. பாதி மிதியில் ஓடும்போது த்ராட்டில் தகடே பெரிய தடை, ஃபில்டர் அல்ல. அடைத்த ஃபில்டரே மைலேஜைத் தின்னாதபோது, திறந்த ஃபில்டர் அதை வாரி வழங்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் வண்டியில் பெட்டியில்லாத கூம்பு, எஞ்சினின் அனலையே உறிஞ்சும். காற்று 30 டிகிரி கூடுதலாகச் சூடானால் அடர்த்தி 10 சதவீதம் போல விழுகிறது. கூடுவது என்னவோ உறிஞ்சும் சத்தம்தான். காது அதைச் சக்தி என்று நம்பிக்கொள்கிறது. டீசல் வண்டி எப்போதும் மிஞ்சிய காற்றோடுதான் எரிகிறது, அதற்கு இந்த நோய் இல்லை. தூசி மட்டும் இரண்டுக்கும் பொது. செம்மண்ணிலும் குவாரித் தூளிலும் உள்ள மணற்சத்து ஃபில்டரைத் தாண்டினால் சிலிண்டர் சுவரை உரசித் தேய்க்கும். இந்த ஊர்ச் சாலைக்குக் காகித ஃபில்டரே மேல் என்பேன்.

புது ஃபில்டரை விட மனமில்லாதவர் ஈ.சி.யு. அட்டவணையைத் திருத்தலாம். ஆனால் கசிவு அடைத்து, சென்சார் சுத்தமாகி, டிரிம் 10 சதவீதத்துக்குள் வந்த பிறகு, சுமையோடு ஓட்டி அளந்துதான் அதைச் செய்ய வேண்டும். சென்சாரின் சொல்லைத் திரித்து ஈ.சி.யு.வை ஏமாற்றும் சின்னப் பெட்டிகள் வேண்டாம். இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: கழற்றிப் போட்ட கம்பெனிப் பெட்டியையும் ஃபில்டரையும் திரும்ப மாட்டி, ஸ்கேனரில் பிழைக் குறியீட்டை அழித்து, சில நாள் ஓட்டி டிரிம்மைப் பார்ப்பது. அப்போதும் எண் இறங்காவிட்டால் அடுத்துப் பார்க்க வேண்டியது பெட்ரோல் பம்ப்பின் அழுத்தம்.