வடத்துக்குள் கம்பி அறுவது எப்படித் தெரிகிறது?

ஸ்காட்லாந்தின் ஃபோர்த் சாலைத் தொங்குபாலம் 1964-இல் திறக்கப்பட்டது. அதன் முதன்மை வடம் ஒவ்வொன்றிலும் 11,618 எஃகுக் கம்பிகள். மேலே உறை இருப்பதால் உள்ளே பிடிக்கும் துரு கண்ணில் படாது. 2004-இல் உறையைப் பிரித்து, ஆப்பு அடித்துக் கம்பிகளை விலக்கிப் பார்த்தபோதுதான் அரிப்பும் அறுந்த கம்பிகளும் தெரியவந்தன. வடம் முழுவதையும் இப்படிப் பிரித்துக்கொண்டே இருக்க முடியுமா? அதனால் ஒலியை நாடினார்கள். இழுவிசையில் இருக்கும் கம்பி அறுந்தால் அதிர்வு வடத்தின் வழியே இருபுறமும் ஓடும். ஆங்காங்கே பொருத்திய உணரிகளை அது எட்டும் நேர வித்தியாசத்தைக் கொண்டு அறுந்த இடத்தைக் கணக்கிடலாம். ஆனால் இது அறுந்த பிறகு வரும் செய்திதான். இதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது அடுத்த வேலை: வடத்துக்குள் உலர்ந்த காற்றைச் செலுத்தி, ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்கும் கீழே வைப்பது. அந்த வறட்சியில் துருப்பிடிப்பது ஏறக்குறைய நின்றுவிடும்.