ரெயின் செக் வந்தால் பேங்குக்குப் போகாதீர்கள்!

2004-ல் அமெரிக்கக் கடைக்காரர் ஒருவருக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். பணம் ஒழுங்காக வந்தது. அடுத்து ஆன்லைன் கேட்டலாக் ஒன்றும் செய்து தரட்டுமா என்று, தொகையைக் குறிப்பிட்டு ஈமெயில் அனுப்பினேன். "நல்ல ஐடியா. ஐ வில் டேக் எ ரெயின் செக்" என்று பதில் வந்தது.

காசோலையை அமெரிக்கர்கள் 'சி ஹெச் இ சி கே' என்றுதான் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த அரைகுறை அறிவுதான் காலை வாரியது! ஏதோ ஒரு வகை செக் தபாலில் வரப்போகிறது என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் ராத்திரி கண்விழித்து வேலையை முடித்துவிட்டேன். "செக் எப்போது வரும்?" என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. "இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று மனிதர் நாசூக்காகச் சொல்லியிருக்கிறார்.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் மழையால் நின்றுபோனால், இன்னொரு நாள் வந்து பார்க்க ரசிகர்களுக்குச் சீட்டு கொடுப்பார்கள். 1880-களில் வந்த பழக்கம் இது. அந்தச் சீட்டுதான் ரெயின் செக். பின்னாளில் கடைகளும், தள்ளுபடிச் சரக்கு தீர்ந்துவிட்டால் அதே விலைக்குப் பிறகு வாங்கிக்கொள்ள இப்படிச் சீட்டு தந்தன. 'பால்பார்க் ஃபிகர்' கேட்டால் தோராயமான தொகை சொன்னால் போதும். இதுவும் பேஸ்பால் மைதானத்துச் சரக்குதான். (நாம் 'க்ளீன் போல்டு' என்றால் அவர்களும் விழிக்கத்தானே செய்வார்கள்!)

ஆங்கிலேயர்களே தடுமாறியதும் உண்டு. ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரண்டாம் உலகப்போரின்போது இந்த ஒரு வார்த்தையால் இரு தரப்பு அதிகாரிகளும் நெடுநேரம் வாக்குவாதம் செய்ததை சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

இவற்றை டிக்‌ஷனரியில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பயனில்லை. கூகுளில் முழுத் தொடரையும் இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் டைப் செய்து, வெளியே 'மீனிங்' என்று சேர்த்து என்டர் தட்டுங்கள். விக்‌ஷனரி, மெரியம் வெப்ஸ்டர் தளங்களில் இத்தகைய தொடர்களுக்குத் தனி விளக்கமே கிடைக்கும். மொழிபெயர்ப்பு சாஃப்ட்வேர்கள் இப்போது நன்றாகவே தேறிவிட்டன. ஆனாலும் பணம் சம்பந்தப்பட்ட மெயில் என்றால், "வேலையைத் தொடங்கட்டுமா, வேண்டாமா?" என்று பச்சையாகவே கேட்டுவிடுகிறேன்.

அந்தக் கேட்டலாக் இன்னும் என்னிடம் ஒரு சிடியில் இருக்கிறது. கடைக்காரர் இதுவரை கேட்கவில்லை.