தடித்துப்போன பூனை இதயமும் வாரம் ஒரு மாத்திரையும்

பூனைகளுக்கு வர்ற இதய நோய்களில் ரொம்பப் பரவலானது ஹெச்.சி.எம். இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துப்போகும். உள்ளே இடம் குறையும், தசை விறைத்துவிடும், ரத்தம் சரியாக நிரம்பாது. ஏழு பூனைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இது இருக்கிறது. பெரும்பாலானவை எதையும் வெளியே காட்டுவதில்லை. சிலவற்றுக்கு மட்டும் திடீரென நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அல்லது இதயத்தில் உறைந்த ரத்தக்கட்டி பின்னங்கால்களுக்குப் போகும் குழாயை அடைத்துவிடும். காலையில் துள்ளிய பூனை மாலையில் காலை இழுத்துக்கொண்டு அலறும்.

இதற்கு முன்னால் பூனைகளை வாட்டிய இதய நோய் வேறு. அதில் சுவர் மெலிந்து இதயம் ஊதிப்போகும். 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் காரணத்தைப் பிடித்தார்கள்: டாரின் பற்றாக்குறை. இறைச்சியிலும் மீனிலும் இருக்கிற சத்து இது. நம் உடம்பு இதைத் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையால் போதுமான அளவு முடியாது. டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் பழைய நிலைக்குத் திரும்பியது! தீவன நிறுவனங்கள் டாரினைக் கூட்டின, நோய் அரிதாகிவிட்டது. மருத்துவத்தில் இவ்வளவு சுத்தமான வெற்றி அபூர்வம்.

ஹெச்.சி.எம்.முக்கு அப்படி ஒரு ஒற்றைக் காரணம் சிக்கவில்லை. 2005இல் மெய்ன் கூன் பூனைகளிலும், 2007இல் ராக்டால் பூனைகளிலும் ஒரே மரபணுவில் இரண்டு வெவ்வேறு பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். இனப்பெருக்கம் செய்பவர்களுக்கு அது உதவி. ஆனா சாதாரண வீட்டுப் பூனைக்கு அந்தப் பரிசோதனையால் பெரிய பயன் இல்லை.

சிகிச்சையும் விளைவுகளைத்தான் துரத்தியது. நீரை வெளியேற்ற ஃபுரோசமைடு, கட்டி உறையாமலிருக்க கிளோபிடோக்ரெல். (ஏற்கெனவே ஒருமுறை கட்டி அடைத்த பூனைகளில் அடுத்த அடைப்பை ஆஸ்பிரினைவிட இது நன்றாகத் தள்ளிப்போடுகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.) சுவர் பாட்டுக்குத் தடித்துக்கொண்டே இருந்தது.

சுவரையே குறிவைக்கும் மருந்து ராபமைசின். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து வந்தது. சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ரொம்ப நாளாகக் கொடுக்கிறார்கள். உயிரணுவுக்குள் 'வளரு' என்று சொல்லும் எம்டார் என்ற புரதத்தை இது அடக்குகிறது. 2023இல் வெளியான ஆய்வில், அறிகுறி தெரியாத 43 பூனைகளை ஆறு மாதம் கவனித்தார்கள். குறைந்த அளவு ராபமைசின் வாரம் ஒருமுறை பெற்றவற்றில், வெற்று மாத்திரை பெற்றவற்றைவிடச் சுவர்த் தடிப்பு குறைவாக இருந்தது.

2025 மார்ச்சில் அமெரிக்க எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது, ஆனால் நிபந்தனையோடு. பாதுகாப்பானது, பலன் இருக்கும் என்று நம்ப நியாயம் இருக்கிறது, முழுச் சான்றை இனிமேல் காட்ட வேண்டும் என்பதுதான் அதன் பொருள். சுவர் மெலிவது வேறு, பூனை கூடுதலாக வாழ்வது வேறு. இரண்டாவதற்கு விடை வரும்வரை நான் இதை மருந்து என்றுதான் சொல்வேன், தீர்வு என்று அல்ல.

எக்கோ ஸ்கேன் எடுக்க வசதியில்லாத ஊரிலும் ஒன்று செய்யலாம். பூனை தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்க. தொடர்ந்து 30ஐத் தாண்டினால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டணும்.